கொடுங்கோன்மை விடுபட்ட மாக்பெத்: ஒரு கல்லூரி மேடையேற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர் ஒன்றில் இயங்கும் கலை அறிவியல் கல்லூரியின் ஆங்கிலத் துறை மாணவர்கள், தாங்கள் பாடமாகப் படித்துவந்த ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தைத் தமிழில் மேடையேற்றினார்கள். சூனியக்காரிகளின் வாக்கை நம்பி, அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறி, கடைசியில் மாக்டஃப் என்ற பிரபுவின் கையால் சாகும் ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் மாக்பெத்தின் கதை அது. சிலர் பார்க்க முன்கூட்டி நடித்துக்காட்டிய முன்காட்சிக்கும் அரங்கேற்றத்துக்கும் இடையில் அவர்களுடைய பிரதி பெரிய அளவில் மாற்றப்பட்டது. ஏன் மாற்றப்பட்டது, மாற்றியதால் என்ன கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்பதே இக்குறிப்பின் பொருள். கல்லூரியின் பெயரையும் பங்கேற்றவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். இயக்கியவர் அத்துறையின் மூத்த பேராசிரியை. பிரதியைச் சுருக்கும் வேலையில் நானும் உடனிருந்தேன்.

கல்லூரியின் கலை விழா மாலையில் நாடகத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றரை மணி. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது ‘மாக்பெத்’; ஏறத்தாழ 2,100 வரிகளில் முடிந்துவிடும்; ‘ஹாம்லெட்’ அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இருந்தாலும் முழுமையாக நடித்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் என்பதால் சுருக்காமல் வழியில்லை.

கதையைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றிவிடலாம், டங்கனை ஒரு குறுநில மன்னனாகவும் மாக்பெத்தை அவனுடைய படைத்தலைவனாகவும் ஆக்கிவிடலாம் என்று மாணவர்களில் சிலர் விரும்பினார்கள். இயக்குநர் அதற்கு இணங்கவில்லை. 1606-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் இந்நாடகத்துக்கு அதன் காலமும் இடமும் வெறும் உடை அலங்காரம் அல்ல என்பது அவர் வாதம். ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்தின் அரியணையிலும் ஏறினார். 1605 நவம்பரில் அவரையும் நாடாளுமன்றத்தையும் சேர்த்து வெடிமருந்தால் தகர்க்கத் தீட்டிய சதி பிடிபட்டது. சூனியம் பற்றி அவரே 1597-இல் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அரசனைக் கொல்வது, கொன்றவன் அரசனாவது, சூனியக்காரிகள் சொல்வதை நம்புவது ஆகியவை அன்றைய பார்வையாளருக்கு அன்றாட அச்சங்கள். அந்த அச்சங்களை வேறொரு நாட்டு வரலாற்றில் ஒட்டவைத்தால் நாடகம் வேறாகிவிடும் என்று அவர் சொன்னதால், ஸ்காட்லாந்தும் பெயர்களும் அப்படியே நின்றன.

முதல் பிரதி

முதல் சுருக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு எழவில்லை. சூனியக்காரிகளின் முன்னறிவிப்பு, காற்றில் தெரியும் குத்துவாள், டங்கனின் கொலைக்குப் பின் கேட்கும் கதவுத் தட்டல், மாக்பெத் ஆளமர்த்திக் கொன்ற தோழன் பாங்க்வோவின் ஆவி விருந்தில் தோன்றுவது, மாக்பெத் சீமாட்டி தூக்கத்தில் நடந்துவந்து கைகளைக் கழுவுவது, நாளை, நாளை என்று வாழ்க்கை தேய்ந்து போவதைப் பற்றிய தனிமொழி, பர்னாம் காடு நகர்ந்து வருவது, கடைசி வாள்சண்டை ஆகிய அனைத்தும் இடம்பெற்றன. படித்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் ‘மாக்பெத்’ பெரும்பாலும் இவ்வளவுதான்.

நீக்கப்பட்டவற்றில் முக்கியமானவை நான்காம் அங்கத்தில் இருந்தன. ஃபைஃப் கோட்டையில் மாக்டஃபின் மனைவியும் மகனும் கொல்லப்படும் காட்சி முழுவதும் விடப்பட்டது. ஒரு சிறுவனை நடிக்கவைக்க வேண்டியிருந்ததும், கல்லூரி மேடையில் பிள்ளைக்கொலையைக் காட்டத் தயங்கியதும் காரணங்கள். அதை அடுத்து இங்கிலாந்தில் டங்கனின் மகன் மால்கமும் மாக்டஃபும் பேசும் காட்சி நாடகத்திலேயே மிக நீளமானது. மேடையில் நிகழ்ச்சி ஏதுமின்றிப் பேச்சாகவே நகர்வது. அது, ஒரு தூதுவன் வந்து படை புறப்பட்டுவிட்டது என்று அறிவிக்கும் சில வரிகளாகக் குறுகியது. லெனக்ஸ் மற்றொரு பிரபுவிடம் மாக்பெத்தைப் புகழ்வதுபோல் பழிக்கும் சிறிய காட்சியும் போயிற்று. பாங்க்வோவைக் கொல்லப் போவதைத் தன் மனைவியிடம் மாக்பெத் மறைக்கும் உரையாடல், நேரம் மிச்சப்படுவதற்காகப் பாதியாக வெட்டப்பட்டது.

இவ்வகைச் சுருக்கம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மாக்டஃப் சீமாட்டியின் காட்சி பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் ஆங்கில மேடைகளிலும் பலமுறை விடப்பட்டதுதான். கதை புரிவதற்கு அது தேவையில்லை என்று தோன்றுவது இயல்பு. மாக்பெத்தைக் கொல்லப் போகிறவன் மாக்டஃப். அவனுக்குப் பகை உண்டு. அதை ஒரு வரியில் சொல்லிவிடலாம் அல்லவா?

முன்காட்சியில் கண்டவை

விடுதி மாணவர்களும் ஆசிரியர்களும், அக்கம்பக்கத்திலிருந்து வந்த சில குடும்பத்தினரும் முன்காட்சியைப் பார்த்தார்கள். முதல் பாதியில் அரங்கம் கட்டுண்டு கிடந்தது. டங்கன் கொல்லப்பட்டபின், தன்னால் ‘ஆமென்’ சொல்ல முடியவில்லை, அது தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று மாக்பெத்தாக நடித்த மாணவர் கூறிய இடத்தில் எவரும் அசையவில்லை. பாங்க்வோவின் ஆவி வெள்ளைப் பூச்சும் சிவப்புச் சாயமுமாக வந்தபோது பின்வரிசையில் விசில் எழுந்தது. தூக்கத்தில் நடக்கும் காட்சி நன்றாகவே அமைந்தது.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்கியது. வீரர்கள் கிளைகளைப் பிடித்துக்கொண்டு பர்னாம் காடாக நகர்ந்தபோது பலர் சிரித்தார்கள். பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தனக்குச் சாவு இல்லை என்று நம்பியிருந்த மாக்பெத்திடம், தான் தாய் வயிற்றைக் கிழித்து உரிய காலத்துக்கு முன்பே எடுக்கப்பட்டவன் என்று மாக்டஃப் அறிவித்தபோதும் சிரிப்பு வந்தது. மாக்பெத் வீழ்ந்தபோது கைதட்டல் பலமாக இருந்தது. அது நடிகருக்குக் கிடைத்தது என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

பின்னர் நடந்த கலந்துரையாடலில் மூன்று கருத்துகள் மீண்டும் மீண்டும் வந்தன. சூனியக்காரிகள் வார்த்தை ஜாலத்தால் ஒரு வீரனை ஏமாற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்பது இன்னொன்று; இதைச் சொன்னவர்களில் ஆண்கள் மட்டுமல்லாமல் பெண்களும் இருந்தார்கள். மூன்றாவது ஒரு கேள்வி: கடைசியில் வந்து கொன்றவர் யார், அவர் ஏன் கொன்றார்? மாக்டஃப் முதல் பாதியில் டங்கனின் பிணத்தைக் கண்டு அலறியவர் என்பதைக்கூட ஒருசிலர்தான் நினைவில் வைத்திருந்தார்கள். கொடுங்கோலன் என்ற சொல் அந்தப் பேச்சில் ஒருமுறைகூட எழவில்லை. மாக்பெத் அவர்களுக்கு ஒரு தவறு செய்து, அதற்காக வருந்தி, விதியால் வஞ்சிக்கப்பட்ட நல்ல மனிதன்.

நடிகை எழுப்பிய கேள்வி

காரணத்தைக் கண்டறிய உதவியவர் மாக்பெத் சீமாட்டியாக நடித்த மாணவி. தூக்கத்தில் நடக்கும் காட்சியில் அவர் பேச வேண்டிய வரிகளில், ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, அவள் இப்போது எங்கே என்று கேட்பதும் ஒன்று. ஒத்திகையின்போதே, “மேடம், இது யாரைப் பற்றி?” என்று அவர் கேட்டிருக்கிறார். மாக்டஃபின் மனைவி என்று பதில் கிடைத்தது. முன்காட்சிக்கு மறுநாள் அவர் மீண்டும் அதே இடத்துக்கு வந்தார். “அந்த அம்மாவைப் பார்வையாளர்கள் பார்க்கவே இல்லையே. நான் கேட்கும் கேள்வி யாருக்கும் புரியாமல் காற்றில் போகிறது. அதோடு, அவளை நான் கொல்லச் சொல்லவும் இல்லை. அப்படியிருக்க நான் ஏன் அவளுக்காகக் கை கழுவ வேண்டும்?”

இயக்குநர் அன்றே பிரதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, நீக்கிய பகுதிகளால் பொருளிழந்துபோன வரிகள் வேறு எங்கெல்லாம் உள்ளன என்று தேடச் சொன்னார். இன்னும் முக்கியமான ஒன்று கடைசிச் சண்டையில் அகப்பட்டது. மாக்டஃப் எதிரே வந்து நிற்கும்போது மாக்பெத் உடனே வாளை ஓங்குவதில்லை. மற்ற எல்லாரையும்விட உன்னைத்தான் தவிர்த்துவந்தேன், திரும்பிப் போய்விடு, உன் குடும்பத்தின் இரத்தம் ஏற்கெனவே என் ஆன்மாவில் மிதமிஞ்சிப் படிந்துவிட்டது என்கிறான். தன்னை வெல்ல ஆளில்லை என்று அப்போதும் நம்பிக்கொண்டிருப்பவன் சொல்லும் சொல் இது. ஆகவே அச்சத்தால் சொன்னதாக இருக்க முடியாது. நாடகத்தின் முடிவில் அவனிடம் எஞ்சியிருக்கும் குற்றவுணர்வு முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் வெளிப்படுகிறது. 1744-இல் ஆங்கில நடிகர் டேவிட் கேரிக் இந்நாடகத்தை மேடையேற்றியபோது, சாகும் மாக்பெத் தன் பாவத்தையும் நரகத்தையும் எண்ணிக் கதறுவதாக ஒரு மரண உரையைத் தாமே எழுதிச் சேர்த்தார். ஷேக்ஸ்பியர் அப்படி எதையும் எழுதவில்லை. மாக்டஃபிடம் சொல்லும் இந்தச் சொற்களே போதும் என்று விட்டுவிட்டார் போலும். நம்முடைய முதல் பிரதியில் இந்த வரியும் இருந்தது; ஆனால் அது குறிப்பிடும் இரத்தம் எதுவென்று அரங்கில் யாருக்கும் தெரியாது.

விடுபட்டது எது

முதல் பிரதியில் குற்றவுணர்வு இருந்தது, வீழ்ச்சியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கொடுங்கோன்மை மட்டும் இல்லை. அது இல்லாதபோது குற்றவுணர்வு ஒருவனுடைய தனிப்பட்ட மனவேதனையாகவும், வீழ்ச்சி சூனியக்காரிகளின் சூழ்ச்சியாகவும் சுருங்கிவிட்டன.

இந்நாடகத்தில் குற்றவுணர்வு ஒருவனைத் திருத்தும் உணர்வாக வருவதில்லை. மாக்பெத் அதைத் தாங்க முடியாமல் அதிலிருந்து தப்பி ஓடுகிறான். அந்த ஓட்டமே அவனுடைய ஆட்சி. டங்கனைக் கொல்வதற்கு முன் அவன் நீண்ட நேரம் யோசிக்கிறான்: அவர் என் உறவினர், என் அரசர், என் வீட்டு விருந்தாளி; கதவை அடைத்துக் காக்க வேண்டிய நானே கத்தியை எடுக்கலாமா என்று தனக்குத்தானே வாதாடுகிறான். பாங்க்வோவைக் கொல்லும்போது அந்த வாதம் பாதியாகிவிடுகிறது. கூலிக்கு ஆளமர்த்துகிறான், மனைவியிடம் மறைக்கிறான். விருந்துக் காட்சியின் முடிவில், இரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்ட பிறகு திரும்பிப் போவதும் முன்னே போவதைப் போலவே சலிப்பூட்டும் என்கிறான். சூனியக்காரிகளை இரண்டாம் முறை சந்தித்தவுடன், மாக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிவிட்டான் என்ற செய்தி கேட்டதும், இனி நெஞ்சில் முதலில் தோன்றுவதையே கை முதலில் செய்துவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறான். யோசித்தால் உறுத்தும் என்பதால் யோசிப்பதையே அவன் ஒழித்துக்கட்டுகிறான். அதன் முதல் விளைவு ஃபைஃப் கோட்டைப் படுகொலை.

அந்தப் படுகொலையால் அவனுக்கு ஒரு நன்மையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டங்கனைக் கொன்றதில் கிரீடம் கிடைத்தது. பாங்க்வோவைக் கொன்றதில், அவன் வழித்தோன்றல்கள் அரசாள்வார்கள் என்ற அச்சமாவது காரணமாக இருந்தது. மாக்டஃபோ கைக்கு எட்டாத தொலைவுக்குப் போய்விட்டான். கோட்டையில் இருப்பவர்கள் ஒரு பெண்ணும் குழந்தைகளும் பணியாட்களும். அவர்களைக் கொல்வதற்கு, கொல்ல முடியும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

மற்றொன்றையும் இந்த மறுவாசிப்பில்தான் கவனித்தோம். டங்கனை மாக்பெத் தன் கையாலேயே கொல்கிறான். ஆனால் கொலை மேடைக்கு வெளியே நடக்கிறது, நாம் பார்ப்பது இரத்தம் படிந்த கைகளை மட்டும். பாங்க்வோவைக் கூலியாட்கள் நம் கண்முன் கொல்கிறார்கள். மாக்டஃபின் மகன், தாயோடு குறும்பாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, நம் கண்முன் குத்தப்பட்டுத் தாயை ஓடச் சொல்லிவிட்டுச் சாகிறான். அப்போது மாக்பெத் மேடையிலேயே இல்லை. கொலையிலிருந்து மாக்பெத் விலக விலக, கொலை பார்வையாளரின் கண்ணருகே வருகிறது. அவன் உணர மறுப்பதை உணர வேண்டிய பொறுப்பு அரங்கில் இருப்பவர்களிடம் வந்து சேர்கிறது. மேடையில் அந்தப் பொறுப்பைச் சுமப்பவள் அவன் மனைவி. தான் செய்யாத, தனக்குச் சொல்லப்படாத கொலைக்காகவும் தூக்கத்தில் கை கழுவுகிறாள். மாணவி கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

ஷேக்ஸ்பியர் பயன்படுத்திய ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பில் மாக்பெத் பதினேழு ஆண்டுகள் ஆள்கிறான். அவற்றில் முதல் பத்து ஆண்டுகள் நல்லாட்சி. வரலாற்று மாக்பெத் 1040 முதல் 1057 வரை அரசாண்டவன். டங்கனும் விருந்தினனாகப் படுக்கையில் சாகவில்லை, போரில் கொல்லப்பட்டான். நாடகத்தில் அந்தப் பத்து நல்ல ஆண்டுகளுக்கு இடமே இல்லை. முடிசூடிய பின் மாக்பெத் ஆட்சி சார்ந்த நல்ல காரியம் ஒன்றைக்கூடச் செய்வதாக ஒரு வரியும் கிடையாது. ஷேக்ஸ்பியரே இவ்வளவு கவனமாக இருந்த இடத்தில், நாங்கள் கொடுமையையும் சேர்த்து வெட்டியிருந்தோம்.

எடுத்த முடிவுகள்

ஃபைஃப் கோட்டைக் காட்சியைத் திரும்பச் சேர்ப்பது முதல் முடிவு. துறையில் மூத்த ஆசிரியர் ஒருவர் இதை எதிர்த்தார். பெற்றோர் குழந்தைகளோடு வரும் விழாவில் ஒரு சிறுவன் குத்துப்பட்டுச் சாவதைக் காட்டுவது முறையல்ல என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொலையை மேடைக்கு வெளியே தள்ளிவிடலாமா என்றும் பேசப்பட்டது. அரசனுடைய சாவை மறைத்த நாடகம் பிள்ளையின் சாவை மறைக்கவில்லை, அந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் காட்சியைச் சேர்ப்பதில் பாதிப் பயன் போய்விடும் என்று இயக்குநர் விளக்கினார். முடிவில், கொலையாளி சிறுவனைப் பிடித்திழுக்கும்வரை முழு வெளிச்சம் இருப்பது, கத்தி ஓங்கியதும் விளக்கு அணைவது, இருட்டில் தாயின் குரல் மட்டும் கேட்பது என ஒத்துக்கொள்ளப்பட்டது. சிறுவனாக நடித்தவர் ஆசிரியர் ஒருவரின் மகன். பெற்றோரின் சம்மதத்தோடு, ஒவ்வோர் ஒத்திகையிலும் அவர்களில் ஒருவர் உடனிருக்க, கொலையாளியாக நடித்த மாணவரோடு அவன் நன்றாகப் பழகிய பிறகே அக்காட்சி பயிற்சி செய்யப்பட்டது.

இங்கிலாந்துக் காட்சியில், படுகொலைச் செய்தியோடு ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு வந்து சேரும் இடத்திலிருந்து முழுவதும் மீட்கப்பட்டது. சாவுமணி அடித்தால் யாருக்காக என்றுகூட எவரும் கேட்பதில்லை என்று ராஸ் தன் நாட்டைப் பற்றிக் கூறுவது, மாக்டஃபின் வீட்டார் நலமா என்ற கேள்விக்கு முதலில் உண்மையைச் சொல்லத் துணியாமல் மழுப்புவது, பிறகு சொல்வது, ஆண்பிள்ளையாகத் தாங்கிக்கொள் என்று மால்கம் தேற்றும்போது அப்படியே செய்வேன், ஆனால் அதை ஆண்பிள்ளையாக உணரவும் வேண்டும் என்று மாக்டஃப் பதில் கூறுவது ஆகிய அனைத்தும் இப்பகுதியில் உள்ளன. மாக்பெத்தும் அவன் மனைவியும் நாடகம் முழுக்க ஆண்மை என்று பேசுவது உணர்வை அடக்கிக்கொண்டு கத்தியை எடுப்பதைத்தான். உணர்வது ஆண்மைக்குரியது என்று சொல்லும் ஒரே ஆள் மாக்டஃப். அவனே மாக்பெத்தை வீழ்த்துகிறான். தாய் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவன் என்பதைவிட இந்தக் காரணம் எனக்கு வலுவானதாகப் படுகிறது. இதே காட்சியின் முதற்பாதியில் மால்கம் மாக்டஃபைச் சோதிக்கும் பகுதிக்கு மட்டும் நேரம் போதவில்லை.

பாங்க்வோ கொலையை மாக்பெத் தன் மனைவியிடம் மறைக்கும் உரையாடல் முழுமையாகச் சேர்க்கப்பட்டது. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்ற கருத்துக்கு அந்த உரையாடலே நேரடியான மறுப்பு. டங்கனுக்குப் பிறகு அவன் செய்த எந்தக் கொலையிலும் அவளிடம் யோசனை கேட்கவில்லை.

நான்காவது முடிவு பிரதியில் இல்லாத ஒன்று. ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் தான் கூலி கொடுத்து ஒரு வேலையாளை வைத்திருப்பதாக மாக்பெத் விருந்துக் காட்சியின் முடிவில் சொல்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காட்சியிலிருந்து ஸ்காட்லாந்தில் நடக்கும் ஒவ்வொரு காட்சியிலும் ஒரே மாணவர் விளக்கு ஏந்திய பணியாளாக ஒரு மூலையில் பேசாமல் நிற்பதென்று தீர்மானித்தோம். தூக்கத்தில் நடக்கும் காட்சியில், தான் நினைப்பதைச் சொல்லத் துணியவில்லை என்று மருத்துவர் கூறுவதும், அரசி பேசியதைத் திருப்பிச் சொல்லத் தனக்குச் சாட்சி இல்லை என்று பணிப்பெண் மறுப்பதும் இந்த ஏற்பாட்டினால் உயிர்பெற்றன.

ஆவியைப் பற்றிய முடிவு மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 பெருந்தொகுப்பில் ஆவி வந்து மாக்பெத்தின் இருக்கையில் அமர்வதாகவே மேடைக்குறிப்பு உள்ளது. 1611-இல் லண்டனின் குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் எழுதிவைத்த குறிப்பிலும் அந்த ஆவி இருக்கையில் வந்து உட்கார்கிறது. (அவருடைய குறிப்பில் மாக்டஃபின் மனைவி மக்கள் கொல்லப்பட்டதும் இடம்பெறுகிறது என்பதை இயக்குநர் தவறாமல் சுட்டிக்காட்டினார்.) மறுபக்கம், 1794-இல் ஜான் ஃபிலிப் கெம்பிள் என்ற ஆங்கில நடிகர் ஆவியைக் காட்டாமல் வெற்று இருக்கையை நோக்கிப் பேசி நடித்தார். முன்காட்சியில் எழுந்த விசிலை நினைத்து, கெம்பிளின் வழியே போவதென்று முடிவாயிற்று. ஒப்பனையோடு வந்த ஆவி குற்றவுணர்வைப் பேய்க்கதையாக்கிவிட்டது என்பதே காரணம்.

சேர்த்தவற்றுக்கு இடம் கண்டுபிடிக்க, சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி வரும் காட்சி முழுவதும் நீக்கப்பட்டது. அது வேறொருவர் கை என்பது ஆய்வாளர்களின் பரவலான கருத்தாதலால் யாரும் வருந்தவில்லை. எட்டு அரசர்களின் ஊர்வலமும், வாயிற்காப்பாளனின் குடிபோதைப் பேச்சில் பெரும்பகுதியும் குறைந்தன.

அரங்கேற்றத்தில் நிகழ்ந்தவை

சிறுவன் இழுக்கப்பட்டு விளக்கு அணைந்தபோது அரங்கில் ஒரு பெண் உரக்க “ஐயோ” என்றார். அதற்கடுத்த இங்கிலாந்துக் காட்சியில், செய்தி மாக்டஃபுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும் என்ற நிலையில், ராஸ் தயங்கிய ஒவ்வொரு விநாடியும் கனத்தது. பேச்சாகவே நகர்வதால் சலிப்பூட்டும் என்று நாங்கள் அஞ்சிய காட்சி அதுதான். தூக்கத்தில் நடந்த சீமாட்டி, ஃபைஃப் பிரபுவின் மனைவி எங்கே என்று கேட்டபோது அரங்கம் முழுக்க அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

நகரும் காட்டைக் கண்டு சிரிப்பு இம்முறையும் எழுந்தது. குறைவாக, சீக்கிரமே அடங்கிய சிரிப்பு. மாக்டஃப் மேடையேறியபோது அமைதி. திரும்பிப் போய்விடு என்று மாக்பெத் சொன்ன இடத்தில், முன்காட்சியில் எவரும் கவனியாத அந்த வரியில், நடிகர் வாளைத் தாழ்த்தினார். அவ்விடமே அன்றைய மாலையின் உச்சம் என்று பலரும் பின்னர் சொன்னார்கள்.

எல்லாம் நன்மையாகவே முடிந்துவிடவில்லை. நாளை, நாளை என்ற தனிமொழிக்கு முன்காட்சியில் கிடைத்த கைதட்டல் கிடைக்கவில்லை என்று மாக்பெத்தாக நடித்த மாணவர் குறைபட்டுக்கொண்டார். பார்வையாளர் தன்னை வெறுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றார். அது இழப்பா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அந்தத் தனிமொழி, மனைவியின் சாவுச் செய்தி கேட்டும் அழ முடியாமற்போன ஒருவனுடையது. முன்காட்சியில் அதைக் கேட்டு இரங்கியவர்கள் அவன் யாரையெல்லாம் அழவைத்தான் என்று அறியாமல் இரங்கினார்கள்.

வெற்று இருக்கை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது புரிந்தது. பின்னால் இருந்தவர்களில் சிலர் மாக்பெத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள்; சிலருக்கு அங்கே பாங்க்வோ இருப்பதே தெரியவில்லை.

கலந்துரையாடலில் சூனியக்காரிகளைப் பழித்தவர்கள் இம்முறையும் இருந்தார்கள். ஆனால் பேச்சு பெரும்பாலும் வேறொன்றைச் சுற்றி வந்தது: மனைவி மக்களைக் காவலின்றி விட்டுவிட்டு மாக்டஃப் எப்படிப் போகலாம்? நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இதைக் கோபமாகவே கேட்டார். நாடகத்துக்குள்ளேயே மாக்டஃபின் மனைவி அதைக் கேட்கிறாள், மால்கமும் கேட்கிறான். மாக்டஃப் யாருக்கும் நேரான பதில் சொல்வதில்லை. மற்றொருவர், பாங்க்வோவுக்குத் தொடக்கத்திலேயே சந்தேகம் வந்துவிட்டதே, அவர் ஏன் வாய்திறக்கவில்லை என்றார். தன் சந்ததிக்கு அரசு கிடைக்கும் என்ற வாக்கு அவன் வாயை அடைத்திருக்கலாம் என்று மாணவர் ஒருவர் பதில் கூற, விவாதம் நெடுநேரம் நீண்டது. விளக்கேந்திய பணியாளைக் கடைசிவரை வேலைக்காரன் என்றே நினைத்திருந்ததாகவும், மருத்துவர் அவனைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தியபோதுதான் விளங்கியது என்றும் பலர் கூறினார்கள்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

அதே பிரதி மறு ஆண்டு மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது, குழு மூன்று திருத்தங்களைக் குறித்துவைத்தது. ஆவி மேடைக்கு வர வேண்டும். ஆனால் ஒப்பனை ஏதுமின்றி, பாங்க்வோவாக நடித்தவர் மற்ற விருந்தினரைப்போல நடந்துவந்து அரசனுடைய இருக்கையில் அமர வேண்டும். வெற்று இருக்கை காட்டத் தவறியது அதைத்தான்: கொன்று பிடித்த இடத்தில் மாக்பெத்தால் ஒரு வேளைச் சோறு உண்ணக்கூட உட்கார முடியவில்லை.

மால்கம் மாக்டஃபைச் சோதிக்கும் பகுதி திரும்ப வேண்டும் என்பது அடுத்தது. தன்னிடம் இல்லாத காமத்தையும் பேராசையையும் இருப்பதாகச் சொல்லி, எதிரில் இருப்பவன் மாக்பெத்தின் ஆளா என்று மால்கம் வேவு பார்க்கிறான். நல்லவன் இன்னொரு நல்லவனை நம்புவதற்கு முன் தன்னைத்தானே இழிவாகக் காட்டிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. மாக்பெத்தின் ஆட்சி, எல்லை கடந்து இங்கிலாந்திலும் இவ்வாறு வேலை செய்கிறது. அதை விட்டதால் எங்கள் மால்கம், கடைசியில் கிரீடத்தைப் பெற்றுக்கொள்ள வந்த இளவரசனாக மட்டுமே நின்றான்.

மூன்றாவது, முடிவுரை. அரங்கேற்றத்தில் மாக்பெத்தின் தலையோடு மாக்டஃப் வந்ததும் விளக்கு அணைந்துவிட்டது. அதன் பின் மால்கம் பேசும் உரையை நேரத்துக்காக விட்டிருந்தோம். செத்துப்போன இந்தக் கசாப்புக்காரன், அவனுடைய அரக்கி போன்ற அரசி என்று இருவரையும் ஒரே வாக்கியத்தில் அவன் முடித்துவிடுகிறான். அவளுடைய தூக்கத்தைப் பார்த்தவர்கள் அந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்வார்களா என்று மாணவர்களுக்குள் வாக்குவாதம் எழுந்தது, ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் அதிகம். அந்த வாக்குவாதத்தைப் பார்வையாளரிடம் விட்டுவிடலாம் என்று இயக்குநர் சொல்லி, உரையை முழுவதுமாகச் சேர்த்து, அதற்குரிய நேரத்தை முதல் அங்கத்துப் போர்ச் செய்தியில் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.